சமூக ஊடகங்களுக்குச் சட்டம் போடும்போது சறுக்கும் இடங்கள்

தேர்தல் நேரத்தில் ஒரு போலி வீடியோ பரவினால் போதும், இந்தத் தளங்களுக்குக் கடிவாளம் போட்டே ஆகவேண்டும் என்று குரல் எழும். போடத்தான் வேண்டும். ஆனால் அவசரத்தில் எழுதப்பட்ட பல சட்டங்கள், காக்க வந்த ஜனநாயகத்தின் மேலேயே பாய்ந்திருக்கின்றன.

அடிக்கடி நடக்கும் தவறு, ஒவ்வொரு பதிவாகத் துரத்துவது. ஜெர்மனி 2017இல் கொண்டுவந்த சட்டம், அப்பட்டமாகச் சட்டவிரோதமான பதிவுகளைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்கச் சொன்னது. இதில் தொடர்ந்து கோட்டைவிடும் தளத்துக்கு 5 கோடி யூரோ வரை அபராதம். நியாயமான பதிவைத் தவறாக நீக்கினால்? அதற்கு அபராதமே இல்லை. நிறுவனத்தின் கணக்கு என்னவாக இருக்கும் என்று சொல்லவா வேண்டும்: சந்தேகமா, தூக்கிவிடு. பிரான்ஸும் இதே வழியில் போகப் பார்த்தது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, நடைமுறைக்கு வரும் முன்பே, 2020இல் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் ரத்து செய்தது.

அப்புறம், வரையறையே இல்லாத வார்த்தைகள். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தியை அனுப்பினால்கூட மூன்று ஆண்டு வரை சிறை என்றது. யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்று விளக்கம் இல்லை. உச்ச நீதிமன்றம் 2015இல் அதைச் செல்லாது என்றது. அதன் பிறகும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிவு தொடர்ந்தது என்று 2021இல் தெரிந்து நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். மோசமான சட்டம் செத்த பிறகும் வேலை செய்யும்.

எது உண்மை என்று தீர்மானிக்கும் வேலையை அரசிடமே கொடுப்பது இதைவிட ஆபத்து. சிங்கப்பூரின் 2019 சட்டப்படி, ஒரு பதிவு பொய் என்று கருதினால் அமைச்சரே திருத்தம் போட உத்தரவிடலாம். நீதிமன்றம் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நமக்குப் பிடித்த அமைச்சர் இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடாகவே தெரியும்.

இத்தனை களேபரத்திலும் இந்தச் சட்டங்கள் கை வைக்காத இடம் ஒன்று இருக்கிறது. 2017இல் ஃபேஸ்புக், எந்தப் பதிவு மேலே வரும் என்று தீர்மானிக்கும் தன் அல்காரிதத்தில் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பை எமோஜிகளுக்குக் கொடுத்தது. கோபமுகமும் அதில் சேர்த்தி. பத்துப் பேரைக் கோபப்படுத்திய பதிவுக்கு ஐம்பது லைக்கின் பலம். அந்தப் பதிவில் பொய் இருக்க வேண்டியதில்லை, சட்டவிரோதமாகவும் இருக்க வேண்டியதில்லை. எந்த நீக்கல் சட்டமும் இதைத் தொடாது. கோபமுகத்தின் மதிப்பை நிறுவனமே பின்னாளில் பூஜ்யமாக்கியது. 2021இல் அதன் உள் ஆவணங்கள் கசியும்வரை வெளியில் யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. எழுதியவரைப் பிடிப்பதை விட, எதை மேலே தூக்குவது என்று முடிவு செய்கிற இயந்திரத்தைக் கேள்வி கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் ஓரளவு இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே மாதம் 4.5 கோடிப் பயனர்களைத் தொடும் தளங்கள், தேர்தலுக்குத் தங்களால் வரக்கூடிய ஆபத்தைத் தாங்களே மதிப்பிட்டு, வெளித் தணிக்கைக்கும் உட்பட வேண்டும். நம் ரசனையை அலசாத ஃபீட் ஒன்றையும் தர வேண்டும். மீறினால் உலக வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம். சின்னத் தளங்களுக்கு இவ்வளவு சுமை கிடையாது. அது முக்கியம், இல்லையென்றால் பெரிய நிறுவனங்கள் மட்டும்தான் மிஞ்சும்.

ஆய்வாளர்களுக்குத் தரவு கிடைப்பதை நிறுவனத்தின் பெருந்தன்மைக்கு விடுவதும் தவறு. எந்தப் பதிவு எப்படிப் பரவுகிறது என்று பார்க்கப் பத்திரிகையாளர்கள் நம்பியிருந்த கிரவுட்டேங்கிள் கருவியை, பல நாடுகள் தேர்தலைச் சந்தித்த 2024இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா மூடிவிட்டது. 2025 டிசம்பரில் எக்ஸ் தளத்துக்கு ஐரோப்பிய ஆணையம் 12 கோடி யூரோ அபராதம் போட்டதற்கு, ஆய்வாளர்களுக்குத் தரவு தர மறுத்ததும் ஒரு காரணம்.

மொழியை மறப்பது பற்றித் தமிழில் எழுதும்போது சொல்லாமல் இருக்க முடியாது. 2015 தொடக்கத்தில் ஃபேஸ்புக்கில் பர்மிய மொழிப் பதிவுகளைப் பார்க்க இருந்தவர்கள் இரண்டே பேர். மியான்மரின் ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சு அங்கே தடையின்றி ஓடியது. எந்த மொழிக்கு எத்தனை கண்காணிப்பாளர்கள் என்று பெரிய தளங்கள் வெளியிட வேண்டும் என்கிறது ஐரோப்பியச் சட்டம். ஆனால் ஒன்றியத்தின் அலுவல் மொழிகளுக்கு மட்டும்தான் அது. நமக்காக அவர்கள் எழுதப் போவதில்லை.

கடைசியாக, வதந்தியைத் தடுக்க எல்லோருடைய மெசேஜையும் படித்தாக வேண்டும் என்ற எண்ணம். 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டும்தான் ஃபார்வர்டு செய்ய முடியும் என்று மாற்றியது. அப்படிச் சுற்றிவரும் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. அதற்காக ஒரு மெசேஜைக்கூட யாரும் திறந்து படிக்கவில்லை.