டைனோவில் முதல் நாள்: டர்போ இல்லாத எஞ்சினை டியூன் செய்வது எப்படி?

வண்டியை டைனோவில் ஏற்றி இறக்கியதும் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு காட்டுச்சு?" அந்த எண்ணுக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. டைனோ என்பது வண்டியை உருளைமேல் ஓட்டி எஞ்சினின் சக்தியை அளக்கும் கருவி, அதாவது ஒரு தராசு. கடைக்குக் கடை தராசு மாறும். ஒரே தராசில், ஒரே வெயிலில், ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகளை (எஞ்சின் வேகம் கூடக்கூடச் சக்தி எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம்) ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் டியூனிங்.

எடுத்துக்காட்டுக்கு ஹோண்டாவின் கே20ஏ எஞ்சினை வைத்துக்கொள்வோம். 2007-ல் ஜப்பானில் வந்த சிவிக் டைப் ஆர் (எஃப்டி2) காரில் இருப்பது. 1,998 சிசி, டர்போ கிடையாது. 6,100 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 215 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை), 8,000 ஆர்பிஎம்மில் 225 பிஎஸ் (குதிரைத்திறன்) என்பது கம்பெனிக் கணக்கு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும். 6,100-ல் 215 என்றால் சுமார் 187 பிஎஸ். 8,000-ல் 225 பிஎஸ் வர, டார்க் 198 இருந்தால் போதும். டார்க் 17 குறைந்திருக்கிறது, பவரோ 38 கூடியிருக்கிறது! டர்போ இல்லாத எஞ்சினின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. மேல் ஆர்பிஎம்மில் மூச்சு வாங்காமல் காற்றை இழுக்க வைக்க வேண்டும், டார்க் சரியாமல் பிடித்து வைக்க வேண்டும். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும் பூஸ்ட்டை ஏற்றிக் குறையை மறைக்கும் வழி இங்கே இல்லை.

படி 1: எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறதா?

நோயாளியை ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. திராட்டிலை (எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு) முழுதாகத் திறந்து வைத்து நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் (உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்ற சோதனை) எடுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டைனோவுக்குக் கட்டும் பணத்தை மெக்கானிக்குக் கொடுங்கள். ஆயில், கூலன்ட், பிளக், ஃபில்டர் எல்லாம் புதிதாக இருக்கட்டும். தினமும் எந்த பெட்ரோலில் ஓட்டப்போகிறீர்களோ அதையே டேங்க்கில் நிரப்பிக்கொண்டு போங்கள்.

படி 2: ரோலரில் ஏற்றிக் கட்டுவது

டயர் காற்றழுத்தத்தை எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே அளவு இருக்க வேண்டும். எஃப்டி2 முன்சக்கர வண்டி என்பதால் ரோலரில் பக்கவாட்டில் அலையும். முன்புறம் இருபக்கமும் ராட்செட் பெல்ட் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். ஓட்டம் நடக்கும்போது சுழலும் சக்கரத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. புகை வெளியேற வழி, ரேடியேட்டருக்கு எதிரே பெரிய ஃபேன், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். இவை இல்லாத கடையாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

படி 3: தொடக்கக் கோடு

எதையும் தொடாமல் மூன்று ஓட்டம். நேரடி விகிதத்துக்கு (1:1) பக்கத்தில் இருக்கும் கியரில், பெரும்பாலும் நான்காவதில், 2,500 ஆர்பிஎம்மிலிருந்து லிமிட்டர் (எஞ்சின் வேகத்தின் உச்ச வரம்பு) வரை முழு திராட்டில். ஒவ்வொரு ஓட்டமும் தொடங்கும்போது கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மூன்று கோடும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்தால்தான் அடுத்த படி. மூன்றும் மூன்று திசையில் போனால் பெல்ட் தளர்ந்திருக்கும், டயர் வழுக்கும், அல்லது கிளட்ச் நழுவும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 20 டிகிரி காற்றும் 38 டிகிரி காற்றும் ஒன்றல்ல. அடர்த்தி 6 சதவீதம் குறைந்துவிடும். இதைச் சரிக்கட்டத்தான் திருத்தக் கணக்கு இருக்கிறது. எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர்காற்று என்ற நிலைக்கு எண்ணை மாற்றித் தரும். ஆனால் அந்தக் கணக்கை நம்பும் முன், வெப்பநிலை சென்சார் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். ஒருமுறை புது இன்டேக் குழாய் மாட்டி ஓட்டினோம், 6 குதிரை கூடியது. டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியாகிவிட்டது. பிறகு பார்த்தால் யாரோ சென்சாரைச் சைலன்சர் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்கள். காற்று கொதிக்கிறது என்று நினைத்து டைனோவே கருணை காட்டிக் கூட்டிப்போட்டிருக்கிறது. குழாய் தந்தது ஒன்றுமில்லை.

படி 4: பெட்ரோல் கலவை

வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் இந்தப் படியைத் தொடாதீர்கள். லாம்ப்டா என்பது முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட உண்மைக் காற்றின் அளவு; 1-க்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம். முழு திராட்டிலில் லாம்ப்டா 0.86 முதல் 0.90 வரை இருந்தால் இந்த வகை எஞ்சினுக்குச் சரி. கொஞ்சம் அதிக பெட்ரோலில் தொடங்கி, மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். டார்க் கூடுவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

பழைய ஆட்கள் "13-க்கு ஒன்று" என்று காற்று–பெட்ரோல் விகிதத்தில் பேசுவார்கள். நீங்கள் லாம்ப்டாவிலேயே பழகுங்கள். காரணம் எத்தனால். சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே லாம்ப்டாவுக்கு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதலாக எரிபொருள் தெளிக்க வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை (எஞ்சின் கணினியில் இருக்கும் எரிபொருள், டைமிங் அட்டவணை) இங்கே பங்க்கில் கிடைக்கும் இ20-ல் ஓட்டினால், முழு திராட்டிலில் கலவை வறண்டுபோகும்.

படி 5: இக்னிஷன் டைமிங்

எஞ்சின் உடைவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். டைமிங் என்பது பிளக் பொறி விடும் நேரம்; ஏற்றினால் பொறி முன்னதாக வரும். பாதுகாப்பான, பின்தங்கிய டைமிங்கில் தொடங்கி 2 டிகிரி ஏற்றுங்கள், ஓட்டுங்கள், பாருங்கள். டார்க் நன்றாகக் கூடும். இன்னும் 2 ஏற்றினால் கொஞ்சம் கூடும். அடுத்த 2-க்குக் கோடு அசையவே அசையாது. அசையாத இடம் வந்ததும் ஒன்றிரண்டு டிகிரி திரும்பி வந்துவிடுங்கள். அந்தக் கடைசி இரண்டு டிகிரி உங்களுக்குப் பவர் தராது. பிஸ்டனை நாக்கிங்கின் (கலவை தானாக வெடித்துத் தட்டுவதன்) வாசலில் கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவுதான்.

கே20ஏ போல கம்ப்ரஷன் விகிதம் 11-ஐத் தாண்டிய எஞ்சினில், டார்க் உச்சத்துக்கு வரும் முன்பே நாக்கிங் வந்துவிடலாம். அப்போது எல்லையை முடிவு செய்வது பெட்ரோலின் ஆக்டேன்தான், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறன். பிளாக்கில் நாக் சென்சார் மாட்டி ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே ஓட்டுவது நல்லது. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டியது போல ஒரு சத்தம் வரும். கேட்ட நொடியில் காலை எடுங்கள். ஓட்டத்தை முடித்துவிடலாம் என்ற ஆசை வேண்டாம்.

படி 6: கேம்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. கே20ஏ-வில் இதற்கு இரண்டு வித்தை உண்டு. விடிசி இன்டேக் கேமை 50 டிகிரி வரை முன்னே பின்னே திருப்பும். விடெக் ஓர் ஆர்பிஎம்முக்கு மேல் சின்ன லோபிலிருந்து (வால்வைத் தள்ளும் கேமின் மேடு) பெரிய லோபுக்கு மாற்றும்.

விடிசி-யை 0 டிகிரியில் பூட்டி ஓர் ஓட்டம். பிறகு 10, 20, 30, 40. ஐந்து கோடுகளையும் ஒரே திரையில் போடுங்கள். ஒவ்வொரு கோடும் ஓரிடத்தில் மற்றவற்றைவிட மேலே நிற்கும். பொதுவாக நடு ஆர்பிஎம்மில் அதிகக் கோணம் ஜெயிக்கும், உச்சியை நெருங்க நெருங்கக் குறைந்த கோணம் ஜெயிக்கும். எங்கே எது மேலே இருக்கிறதோ அந்தக் கோணத்தை மேப்பில் எழுதுங்கள். கோணம் மாறினால் உள்ளே வரும் காற்றும் மாறும். ஆகவே ஒவ்வொரு கோணத்துக்கும் லாம்ப்டாவைச் சரிசெய்த பிறகே ஒப்பிட வேண்டும். இதை விட்டுவிட்டுக் கேமைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். இன்னொன்று: வேறு கேம் மாட்டிய எஞ்சின் என்றால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளக்காமல் இந்த விளையாட்டு வேண்டாம்.

விடெக் மாறும் இடத்துக்கும் இதே வழிதான். சின்ன லோபில் ஓர் ஓட்டம், பெரிய லோபில் ஓர் ஓட்டம். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் ஆர்பிஎம்தான் மாற வேண்டிய இடம். "தூக்கி அடிக்கிற கிக் வரலியே" என்று சிலர் முகம் வாடுவார்கள். அந்தக் கிக் எங்கிருந்து வருகிறது என்று கோட்டைப் பாருங்கள். மாறும் இடத்தைத் தள்ளி வைத்தால் முதலில் டார்க் ஒரு பள்ளத்தில் விழும், பிறகு திடீரென்று ஏறும். முதுகில் தெரியும் அந்த உதை, பள்ளத்திலிருந்து ஏறும் உதை. சரியாக டியூன் ஆன விடெக் மாறுவது சத்தத்தில் மட்டும்தான் தெரியும்.

கேம் மாறியதும் படி 4, 5 இரண்டையும் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். அலுப்பான வேலைதான்.

படி 7: அரை திராட்டில், பிறகு சாலை

வெறும் உருளை எடையை வைத்து அளக்கும் டைனோவில் இதைச் செய்ய முடியாது. லோடு கொடுத்து ஆர்பிஎம்மைப் பிடித்து நிறுத்தும் எடி கரன்ட் டைனோ வேண்டும். 2,000 முதல் 4,000 வரை, கால்வாசி, அரைவாசி திராட்டிலில் ஒவ்வொரு கட்டமாக நிறுத்திக் கலவையைச் சரிபாருங்கள். நீங்கள் தினமும் ஓட்டப்போவது இங்கேதான்.

இறக்கும் முன் அசல் மேப், புது மேப் இரண்டையும் தேதி, காற்றுச் சூடு, பெட்ரோல் வகை எழுதிய பெயரில் சேமியுங்கள். எஞ்சின் ஆறியதும் ஒரு பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் நாக்கிங் நடந்திருக்கலாம். இரண்டு டிகிரி குறைத்துவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போங்கள்.