ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசக் கதைப்புத்தகம்: தெரிவு செய்வது முதல் கையில் கொடுப்பது வரை

இலங்கையில் 1980 முதல் பாடப்புத்தகங்களை அரசாங்கமே இலவசமாகக் கொடுத்துவருகிறது. தை பிறந்தால் கொப்பி, பேனை, புத்தகப்பை கொடுக்கவும் ஆட்கள் வருவார்கள். ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரை, கிரான், வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கங்களில் கூலிவேலை செய்யும் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளை ஆசைக்கு எடுத்து வாசிக்க ஒரு கதைப்புத்தகம் இருக்காது. நாலைந்து பேர் சேர்ந்தால் அதைக் கொடுக்கலாம். முதல் தடவை 30 பிள்ளைகள் உள்ள ஒரே வகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் ஊர் முழுக்கக் கொடுக்க வெளிக்கிட்டால் புத்தகத் தெரிவுதான் முதலில் கெடும்.

1. பள்ளிக்கூடமும் நாளும்

அதிபரைச் சந்தித்து, அவர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். நீங்கள் யார், எந்தத் தரம், எத்தனை பிள்ளைகள், என்ன வகைப் புத்தகம், எந்த நாள் என்பதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும்.

"கஷ்டப்பட்ட பிள்ளைகளின் பெயர்களைத் தாருங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். வகுப்பில் பத்துப் பேரை எழுப்பிக் கொடுத்தால் அவர்களுக்கு வெட்கம், மற்றவர்களுக்கு ஏக்கம். வசதி குறைந்த பள்ளிக்கூடத்தைத் தெரிவு செய்து, வகுப்பு முழுவதற்கும் கொடுப்பதே சரி. படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளை கிராம உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் விசாரித்துத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனி முதல் புரட்டாதி வரை நல்ல காலம். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் ஏறினால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வீதிகள் பல அடைபடும். ஏறாவூர், ஓட்டமாவடி, நிந்தவூர்ப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை என்பதையும் பார்த்து நாள் குறியுங்கள்.

2. முப்பது பேருக்கு நாற்பத்தைந்து

பிள்ளைகளின் எண்ணிக்கையைப் போல ஒன்றரை மடங்கு புத்தகம் வேண்டும். 30 பேருக்கு 30 புத்தகம் கொண்டுபோனால், கடைசியாக வரும் பிள்ளைக்கு மற்றவர்கள் வேண்டாமென்று விட்டதுதான் மிஞ்சும். 45 இருந்தால் கடைசிப் பிள்ளையும் பதினாறு புத்தகத்தில் ஒன்றைத் தெரிவு செய்யலாம்.

தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, பெரிய படம். தரம் 3 முதல் 5 வரை 16 தொடக்கம் 32 பக்கம், சிறு பந்திகள். ஆனால் தரத்தை மட்டும் நம்பவேண்டாம். தரம் 5 வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளையும் இருக்கும். ஆகவே 45 இல் 15 ஐ இரண்டு தரம் கீழே உள்ளதாக எடுங்கள். அவற்றின் மட்டையில் "சிறுவர் முதல் வாசிப்பு" போன்ற வரி இருக்கக்கூடாது. பெரிய பிள்ளை அதைத் தொடாது.

கொழும்பில் புரட்டாதியில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் ஒரே நாளில் பல பதிப்பகங்களைப் பார்த்துவிடலாம். மொத்தமாக வாங்கும்போது கழிவு கேளுங்கள்.

3. பழைய புத்தகம் சேர்த்தால்

பழைய பாடத்திட்டப் புத்தகம், விடை எழுதிய பயிற்சிப் புத்தகம், புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் எல்லாம் வந்து குவியும். இரக்கப்படாமல் ஒதுக்குங்கள். பூஞ்சணம் பிடித்ததை மற்றப் புத்தகங்களுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்; ஈரக்காற்றில் அது அடுத்ததற்கும் பரவும்.

நம் கரையோரத்தில் பெரிய எதிரி ஸ்ரேப்ளர் பின். உப்புக்காற்றில் அது துருவேறி, சுற்றியுள்ள கடதாசியை அரித்து, நடுத்தாள் கழன்றுவிடும். புதிய புத்தகத்திலும் மெல்லிய பின் என்றால் கழற்றி நூலால் தைத்துவிடுங்கள். தேவையானது தடித்த பருத்தி நூலும் ஊசியும் மெழுகுதிரித் துண்டும்தான்.

நடுப்பக்கத்தை விரித்து, மடிப்பில் மூன்று துளை இடுங்கள்: நடுவில் ஒன்று, அதிலிருந்து மேலும் கீழும் இரண்டு அங்குலம் தள்ளி ஒவ்வொன்று. புத்தக உயரத்தைப் போல இரண்டரை மடங்கு நூலை வெட்டி மெழுகில் இழுங்கள். உள்ளே இருந்து நடுத்துளையால் வெளியே போங்கள். நூல் நுனியில் நாலு அங்குலத்தை உள்ளே விடுங்கள். மேல் துளையால் உள்ளே வந்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த் துளையால் வெளியே போய், மறுபடி நடுத்துளையால் உள்ளே வாருங்கள். இரண்டு நுனியும் நீண்ட உள்நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இருக்கவேண்டும். அதன் மேலே இறுக்கி முடிச்சிடுங்கள். நுனிகள் ஒரே பக்கம் நின்றால் முடிச்சு உள்நூலைப் பிடிக்காது, தையல் தளர்ந்துவிடும். நூலை இழுக்கும்போது மடிப்பின் போக்கிலேயே இழுங்கள்; மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும்.

4. பொதி கட்டுதல்

பெட்டியில் 12 கிலோவுக்கு மேல் போடவேண்டாம், அடி பிய்ந்துவிடும். மட்டைப்பெட்டிக்குள் பொலித்தீன் விரித்துப் புத்தகங்களைப் படுக்கையாக அடுக்குங்கள். கொடுக்கும் வரைக்கும் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள். கரையான் சுவர் வழியாகவும் ஏறும். பூச்சி உருண்டை போடாதீர்கள்: நெடி போகாது, சின்னப் பிள்ளை இனிப்பென்று வாயில் வைத்துவிடும்.

5. கொடுக்கும் நாள்

மேடை, மாலை, நீண்ட பேச்சு எதுவும் வேண்டாம். வாங்குகளில் மட்டை மேலே தெரிய 45 ஐயும் பரப்புங்கள். ஐந்தைந்து பேராக விடுங்கள். எடுத்த புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிள்ளை மெல்ல வாசிக்கட்டும். தடக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கினால் வேறொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் வேண்டுமென்று நின்றால் கொடுத்துவிடுங்கள், பறிக்காதீர்கள். வீட்டில் அக்காவோ அம்மம்மாவோ வாசித்துக் காட்டக்கூடும்.

உள்மட்டையில் பிள்ளை தன் பெயரைத் தானே எழுதட்டும். பிறந்தநாளுக்கோ திவசத்துக்கோ பணம் தந்த வெளிநாட்டு உறவுகளின் பெயரைப் போடவேண்டியிருந்தால், கடைசி உள்மட்டையில் சின்னதாகப் போதும். அவர்களுக்கு அனுப்பப் புத்தகக் குவியலைப் படம் எடுங்கள். புத்தகத்தை ஏந்தி நிற்கும் பிள்ளையின் முகத்தை வேண்டாம். காட்டோரக் கிராமமென்றால் பொழுது சாயமுன் திரும்பிவிடுங்கள், யானை இறங்கும்.

6. மிச்சம் 15

அவற்றை வகுப்பு மூலையில் வைக்க ஆசிரியரிடம் கொடுங்கள். அலுமாரியில் பூட்டி வைத்தால் பயனில்லை. நூலில் தொங்கவிட்டால் போதும். எந்தப் புத்தகம் முதலில் போனது, எது கடைசிவரை கிடந்தது என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். அடுத்த வகுப்புக்கு வாங்கும்போது அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.