‘கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டால் முடிந்ததா? நெல் ஆலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் காலபோக (பெரும்போக) அறுவடை தொடங்கிவிட்டால் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை என்று குளங்களின் கீழ் விளைந்த நெல்லெல்லாம் சில கிழமைகளுக்குள் ஆலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் வந்து குவியும். மற்றக் காலத்தில் ஆறுதலாக ஓடுகிற ஆலை அப்போது இரவிரவாக ஓடும். யாருடைய விரலாவது பெல்ற்றில் அகப்படும், யாருக்காவது முதுகு பிடிக்கும். விபத்துப் பதிவேட்டில் காரணம் எழுதும் இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: கவனக்குறைவு.

முதல் தவறு அந்தச் சொல்தான். அதை எழுதியதும் விசாரணை அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்த கிழமை அதே இடத்தில் வேறொருவர் நிற்பார், அதே பிழை அவர் கையாலும் நடக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களைத் தரையிறக்கிய விமானிகள் சிலர், இறக்கை மடலை மடக்குவதற்குப் பதிலாகச் சில்லை மடக்கி விமானத்தைத் தரையில் உரசவிட்டார்கள். ‘விமானியின் பிழை’ என்றே பதிவானது. அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் போய்ப் பார்த்தபோது, இரண்டு வேலைக்கும் ஒரே மாதிரியான பிடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சில்லுக்கான பிடியில் சின்ன றப்பர்ச் சில்லு வடிவத்தையும், மடலுக்கான பிடியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். பார்க்காமலே கைக்கு வித்தியாசம் தெரிந்தது, குழப்பமும் தீர்ந்தது.

இப்போது உங்கள் ஆலையின் சுவிற்ச் பலகையைப் பாருங்கள். நெல்லை மேலே ஏற்றும் எலிவேற்றர், உமி நீக்கி, தீட்டும் இயந்திரம், ஊதி எல்லாவற்றுக்கும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் பொத்தான்கள் ஒரே வரிசையில் இருக்கும். எது எதற்கென்று பழையவருக்கு மனப்பாடம். புதியவருக்குப் பேனையால் எழுதி ஒட்டிய, தவிடு படிந்து அழிந்துபோன துண்டு ஒன்றுதான் துணை. இயந்திரங்கள் நிற்கும் அதே ஒழுங்கில் சுவிற்ச்சுகளையும் மாற்றி அடுக்குங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் தகட்டில் பெரிய எழுத்தில் வையுங்கள். நிறுத்தும் பொத்தான் சிவப்பாக, உள்ளங்கையால் அடித்தாலே வேலை செய்யும் அளவு பெரிதாக இருக்கட்டும். அது நெல் கொட்டும் இடத்தில் நிற்பவரின் கைக்கு எட்ட வேண்டும். கதவுக்குப் பின்னால் இருக்கும் பொத்தான், கை அகப்பட்டவனுக்கு உதவாது.

மூடையும் முதுகும்

ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. மூன்று புசல் மூடை 60 கிலோவைத் தாண்டிவிடும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சர்வதேச தொழில் தாபனம் 1967 இலேயே பரிந்துரைத்தது. அதுவும் தாராளமான எல்லைதான். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் 1991 ஆம் ஆண்டுச் சூத்திரம் 23 கிலோவில் தொடங்கி, நிலைமைக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டே போகும். பாரத்தைப் பிடிக்கும் கை உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், உடல் எவ்வளவு திரும்புகிறது, எத்தனை தரம் தூக்குகிறார் என்பவை எல்லாம் கணக்கில் வரும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தரையில் கிடக்கும் மூடையைப் பிடிக்கும்போது கை நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்திலும், கணுக்காலிலிருந்து 40 சென்ரிமீற்றர் முன்னாலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி பெருக்க வேண்டிய எண், தூரத்துக்கு 25/40, அதாவது 0.625. உயரத்துக்கு 0.82. இரண்டையும் 23 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 11.8 கிலோ. தூக்கியபடி 45 பாகை திரும்பினால் அதுவும் 10 கிலோவாகிவிடும். மூடை சுமக்கும் தொழிலாளியான நாட்டாமை தூக்குவதோ அதைப்போல் ஆறு மடங்கு. இதில் எத்தனை தரம் தூக்குகிறார் என்பது இன்னும் சேரவில்லை.

‘முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே’ என்ற அறிவுரை சின்னப் பெட்டிக்குச் சரி. நெல்மூடை அகலமானது. முழங்காலை மடக்கினால் மூடை முழங்காலுக்கு அப்பால் போய்விடும், உடலிலிருந்து தூரம் கூடும், முதுகெலும்பின் அடிப்பகுதியில் விழும் பாரமும் கூடும். வயதான நாட்டாமைமார் இந்தப் பயிற்சியைப் பார்த்துச் சிரிப்பது அறியாமையால் அல்ல. இடுப்புப் பட்டியும் அப்படித்தான். காயம்படாத ஆளுக்கு அது முதுகைக் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. பட்டி கட்டியவர் இன்னும் பாரமாகத் தூக்கலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து. இருவர் சேர்ந்து தூக்கினால் பலம் இரட்டிப்பாகும் என்பதும் பிழை. இருவரின் பலத்தையும் கூட்டினால் வருவதில் மூன்றில் இரண்டு பங்கு என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? தூக்கும் வேலையையே குறையுங்கள். புதிதாக வாங்கும் சாக்குகளை 25 அல்லது 30 கிலோ அளவுக்கு மாற்றலாம். பழைய 60 கிலோ மூடையைத் தரையில் போடாமல் முழங்காலுக்கு மேலே உயர்த்திய மேடையில் அடுக்கினால், அதைத் தரையிலிருந்து தூக்கத் தேவையில்லை, தோளில் சரித்து எடுக்கலாம். லொறியின் தட்டு உயரத்துக்கு ஒரு மேடை கட்டினால் ஏற்றுவது தள்ளுவதாக மாறிவிடும். நெல் விழும் கொப்பரின் வாயைத் தரைமட்டத்தில் வைத்தால் மூடையைச் சாய்த்தாலே போதும். ஆனால் அதன் மேல் இரும்புக் கம்பித் தட்டி கட்டாயம் வேண்டும். அடைப்பு எடுக்க வசதி என்று தட்டியைக் கழற்றி வைப்பதுதான் இன்னொரு பொதுவான தவறு. ஓடும் நெல்லுக்குள் கால் போனால் வெளியே இழுக்க முடியாது.

தள்ளுவண்டி வாங்கினோம், ஒருவரும் பாவிக்கவில்லை என்று முதலாளிமார் குறைப்படுவார்கள். வாசற்படியில் ஐந்து சென்ரிமீற்றர் உயர்ந்த சீமெந்து வரம்பு இருக்கும், வண்டிக்கோ சின்ன இரும்புச் சில்லு. இரண்டு தரம் இடறினால் மூன்றாவது தரம் யாரும் தோளைத்தான் நம்புவார்கள். வரம்பை உடைத்துச் சரிவாக்குங்கள். சரிவு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். காற்று ரயர் போட்ட பெரிய சில்லும், இடுப்புக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட உயரத்தில் பிடியும் வேண்டும்.

பெல்ற், வெளிச்சம், மின்வெட்டு

ஆபத்தான அசையும் பாகங்களை மூட வேண்டும் என்று 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மூடி போட்டாலும் பெல்ற்றின் இறுக்கம் பார்க்கும்போது கழற்றி மூலையில் சாத்திவிட்டால் அது அங்கேயே இருந்துவிடும். கழற்றாமலே உள்ளே தெரியும்படி வலை போடுங்கள். கண் 20 மில்லிமீற்றர் வரை இருந்தால் வலை பெல்ற்றிலிருந்து குறைந்தது 120 மில்லிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். கண் அதைவிடப் பெரிதானால் விரலோடு கையும் போகும், தூரமும் கூட வேண்டும்.

வெளிச்சம் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பழைய சோக் வைத்த ரியூப் லைற் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. நிமிடத்துக்கு 1,500 தரம் சுற்றும் கப்பியில் நாலு ஆரம் இருந்தால், செக்கனுக்கு 25 சுற்று, ஆகவே ஒவ்வொரு மினுக்கத்திலும் ஆரங்கள் அதே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். வழமையான மோட்டர் 1,440 அளவில் ஓடும்போது கப்பி மெதுவாகப் பின்னால் ஊர்வதுபோல் இருக்கும். இரவு வேலையில் ‘நின்றுவிட்டது’ என்று கை வைக்க இதுவே போதும். எலெக்ரோனிக் சோக் போடுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்து லைற்றுகளை வெவ்வேறு மின் பேஸில் (phase) இணையுங்கள்.

மின்வெட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. கரண்ட் போனதும் ‘இதுதான் நேரம்’ என்று பெல்ற்றைச் சரிசெய்யப் போவார்கள். சாதாரண சுவிற்ச் போட்ட மோட்டர், கரண்ட் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும். காந்தச் சுவிற்ச் (contactor) வைத்த ஸ்ராட்டர் மீண்டும் பொத்தானை அழுத்தும்வரை ஓடாது. அது பொருத்திய பிறகும், இயந்திரத்துக்குள் கை விடுபவர் மெயினை நிறுத்திப் பியூஸைக் கழற்றித் தன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவரிடம் ‘பாத்துக்கொள்’ என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவருடன் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே சத்தம் 85 டெசிபெல்லைத் தாண்டியிருக்கும். அந்தச் சத்தத்தில் ‘நிப்பாட்டு!’ யாருக்குக் கேட்கும்?

எல்லா உடலும் ஒன்றல்ல

போரில் காலை இழந்து செயற்கைக் காலோடு வேலைக்கு வருபவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். செயற்கைப் பாதத்தில் உணர்வு இல்லை. மிதி எங்கே இருக்கிறது, தவிடு சிந்திய தரை வழுக்குகிறதா என்று அது சொல்லாது. கால் மிதியைக் கைப்பிடியாக மாற்றலாம், ஏணிக்குப் பதிலாகக் கைபிடிச் சுவருள்ள சரிவு கட்டலாம். இவர்களுக்காகச் செய்த மாற்றம் மழைக்காலத்தில் எல்லோருக்கும் உதவும்.

நிலத்திலிருந்து குனிந்து அரிசி பொதி செய்பவர்களுக்கு மேசை கொடுங்கள். பாரமில்லாத வேலைக்கு மேற்பரப்பு முழங்கைக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் கீழே, பாரமானதை அழுத்தித் தள்ளுவதற்கு 20 முதல் 40 கீழே. சாக்குத் தைக்கும் கை இயந்திரத்தை நாளெல்லாம் கையில் தாங்க விடாமல், சுருள்வில் பொருத்தி மேலே இருந்து தொங்க விடுங்கள்.

மூடைக் கணக்குக் கூலி மேற்சொன்ன எல்லாவற்றையும் உடைத்துவிடும். வண்டியில் வைத்துத் தள்ள இரண்டு நிமிடம், தோளில் போட ஒரு நிமிடம் என்றால் கூலி தோளையே தேர்ந்தெடுக்கும். நாட்கூலியும் ஓய்வு நேரத்துக்கான பணமும் சேர்ந்தால்தான் வண்டி ஓடும்.

சிறுபோக நெல் வரும்போது வெயிலோடு சோழகமும் சேரும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை, சுமார் 240 மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும். மணிக்குச் சுமார் 1.4 லீற்றரைத் தாண்டவும் கூடாது. தண்ணீர்ப் பானை அலுவலகத்துக்குள் இருந்தால் இது நடக்காது, களத்தின் ஓரத்தில் நிழலில் வையுங்கள். புதிதாக வந்தவரை முதல் நாளே முழு வேலையில் விடாதீர்கள். உடல் வெக்கைக்குப் பழக ஒரு கிழமை பிடிக்கும். மற்றவர் நாளைக்கு 200 மூடை இறக்கினால் புதியவர் முதல் நாள் 40, இரண்டாம் நாள் 80, ஐந்தாம் நாளில் 200.