வளவு வெளிச்சமும் மெலடோனினும்: உறக்க நேரத்தைச் சீராக்கும் முறை

தை மாதத்தில் திருமணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் உறவுகள் கூடும்போது, ஒரே கூரையின் கீழ் இரண்டு விதமான உறக்கக் கேடுகளைக் காணலாம். அப்பத்தா இரவு ஏழரைக்கே கண் சொருகி, இரண்டரை மணிக்கு விழித்துக்கொண்டு, விடியும்வரை புரண்டு படுத்திருக்கிறார். லண்டனிலிருந்து முந்தின நாள் வந்திறங்கிய பேரனோ விடியற்காலை நாலரை, ஐந்து மணிவரை கண் மூடாமல் கிடந்து நண்பகலுக்கு மேல் எழுகிறான். எங்கள் வீட்டில் இருவருக்கும் இரவு ஒன்பது மணிக்கு ஒரே மெலடோனின் மாத்திரையைக் கொடுத்தோம். இருவருக்கும் பயன் கிடைக்கவில்லை. ஒருவருடைய உடற்கடிகாரம் முந்தி ஓடுகிறது, மற்றவருடையது பிந்தி ஓடுகிறது என்பதை அறியாமல் செய்த பிழை அது.

மெலடோனின் உறக்க மருந்து என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆரன் லெர்னர் மாடுகளின் மூளையிலுள்ள பினியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த இந்தப் பொருள், இரவெல்லாம் விழித்து இரை தேடும் எலிக்கும் இரவில்தான் சுரக்கிறது. ஆகவே, அது உடலுக்குச் சொல்லும் செய்தி ‘இருட்டிவிட்டது’ என்பதுதான். அந்தச் செய்தியைக் கேட்டு மனித உடல் உறங்கத் தயாராகிறது, எலியின் உடல் நடமாடத் தயாராகிறது. எப்போது சுரக்க வேண்டும் என்று ஆணையிடுவது மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து. அதுவே உடலின் தலைமைக் கடிகாரம். ஹார்வர்டில் சார்லஸ் செய்ஸ்லர் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதருடைய கடிகாரத்தின் இயல்பான சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம். நாள்தோறும் வெளிச்சம் அதைத் திருத்தாவிட்டால் அது மெல்லப் பிந்திக்கொண்டே போகும்.

வெளிச்சம் எப்படித் திருத்துகிறது என்பதை விளக்கியவர்களுள் முக்கியமானவர் ஆக்ஸ்ஃபோர்டு நரம்பியல் அறிஞர் ரஸ்ஸல் ஃபாஸ்டர். பார்வைக்குரிய இருவகை அணுக்களும் இல்லாத எலிகளின் கடிகாரம்கூட வெளிச்சத்துக்குக் கட்டுப்படுகிறது என்று அவரும் அவருடைய குழுவினரும் 1999-இல் காட்டினர். கண்ணின் விழித்திரையில் காட்சிக்கு அப்பால் ஒளியின் அளவை மட்டும் அறியும் மூன்றாவது வகை அணுக்கள் இருப்பதும், அவை சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாக இசைவதும் பின்னர் தெளிவாயின. இந்தத் துறை நமக்கு அயலானதும் அன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், வெளியுலக நேரம் தெரியாதபடி மனிதரைத் தங்கவைத்து ஆராயும் அறையொன்றை அமைத்திருந்தார். குகை வௌவால்கள் தம் கூட்டத்தின் நடமாட்டத்தைக் கொண்டே நேரத்தை ஒத்திசைத்துக்கொள்வதை அவருடைய குழு 1981-இல் வெளியிட்டது.

இனி, செய்ய வேண்டியதைத் தொடங்குவோம். ஒரு வாரம் படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், தானாக விழித்த நேரம் ஆகிய மூன்றையும் நாட்காட்டித் தாளில் எழுதி வாருங்கள். அலாரம் இல்லாமல் இயல்பாக விழிக்கும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் குறைத்தால், உடல் வெப்பம் மிகக் குறைந்திருக்கும் வேளை தோராயமாகக் கிடைக்கும். அதைத் தாழ்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் சில மணி நேரத்துக்குள் கண்ணில் படும் வலிய வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது உறக்கமும் விழிப்பும் தாமதமாகும். அதற்குப் பின் சில மணி நேரத்துக்குள் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும், அதாவது இரண்டும் சீக்கிரமாகும். எனக்குத் தெரிந்தவரை, ‘காலை வெயிலில் நில்லுங்கள்’ என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்பவர்கள் தவறவிடுவது இந்த ஒரு விதியைத்தான்.

இரவு தாமதமாக உறங்கி, காலையில் எழ முடியாமல் தவிப்பவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தும். இவர்கள் எழுந்தவுடன், வீட்டின் நடுவே முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுக்கு வந்து, முற்றத்தின் திறந்த வானத்தின் கீழ் அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். டியூப் லைட் எரியும் அறையில் கண்ணுக்குக் கிடைப்பது 100 முதல் 300 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான நாளில்கூட வெட்டவெளியில் ஆயிரத்துக்கும் மேல் கிடைக்கும். சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. தூணோரம் அமர்ந்து செய்தித்தாள் படித்தாலே போதும். மழையும் காற்றும் வெளிச்சமும் வீட்டின் நடுவே இறங்கும்படி கட்டிய வளவை ஃபைபர் தகடு போட்டு மூடிவிட்டு, பக்கத்து அறையில் ஏசியும் திரைச்சீலையுமாக அடைந்து கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தகடு போடத்தான் வேண்டுமென்றால், ஒளி ஊடுருவும் தெளிந்த தகடாகப் போடுங்கள்.

மாலையில் செய்ய வேண்டியது இதற்கு எதிரானது. படுக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே மெலடோனின் சுரக்கத் தொடங்கும். 2,500 லக்ஸ் வெளிச்சம் மனிதரிடம் அச்சுரப்பை அடக்கிவிடும் என்று ஆல்ஃப்ரட் லூயி 1980-இல் காட்டினார். 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வு, 200 லக்ஸுக்கும் குறைவான சாதாரண அறை வெளிச்சமே சுரப்பைத் தாமதப்படுத்தி, அது நீடிக்கும் நேரத்தைச் சுமார் 90 நிமிடம் குறுக்கிவிடும் என்று கண்டது. எனவே இரவு எட்டு மணிக்கு மேல் பட்டாலை எனும் கூடத்திலும் படுக்கையறையிலும் வெள்ளை எல்இடி விளக்குகளை அணைத்துவிட்டு, மஞ்சள் ஒளி தரும் சிறு பல்பைத் தாழ்வான இடத்தில் எரியவிடுங்கள். குளியலறை விளக்கை மறந்துவிடாதீர்கள். உறங்கப் போகுமுன் முகம் கழுவும் அந்தச் சில நிமிடங்களுக்கு மிகப் பிரகாசமான விளக்கைப் பொருத்தியிருக்கும் வீடுகளே அதிகம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இரவு வீடியோ அழைப்பு பெரிய இடையூறு. அதைக் காலை ஆறரைக்கு மாற்றிப் பாருங்கள். கோடைக்காலத்தில் அது நியூயார்க்கில் முந்தின நாள் இரவு ஒன்பது மணி. அவர்களும் ஓய்வாக இருப்பார்கள், நீங்களும் முற்றத்தில் அமர்ந்து பேசியபடியே காலை வெளிச்சத்தைப் பெறலாம்.

அப்பத்தாவின் நிலை வேறு. அவருடைய தாழ்புள்ளி நள்ளிரவை ஒட்டியே வந்துவிடுவதால், இரண்டரைக்கு விழித்து டியூப் லைட்டைப் போட்டால் கடிகாரம் இன்னும் முந்தும். அந்நேரத்தில் வழி தெரியும் அளவுக்கு மங்கிய விளக்கு மட்டும் இருக்கட்டும். தடுக்கி விழாமல் இருப்பதும் முக்கியம். காலை ஒன்பது மணிவரை உள்ளே இருந்துவிட்டு, மாலை நாலு மணி முதல் பொழுது சாயும்வரை திண்ணையில் அமரச் சொல்லுங்கள். எட்டரை, ஒன்பதுவரை நல்ல வெளிச்சத்தில் பேச்சுத் துணையுடன் இருக்கச் செய்து, படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளுங்கள். கண்புரை இருந்தால், பழுத்த லென்ஸ் நீல ஒளியைத் தடுத்துவிடும். அதைக் கண் மருத்துவரிடம் காட்டுவது உறக்கத்துக்கும் நல்லது.

லண்டன் பேரனுக்குத்தான் மிகுந்த கவனம் வேண்டும். குளிர்காலத்தில் அவனுடைய தாழ்புள்ளி லண்டன் நேரப்படி அதிகாலை ஐந்து மணி என்றால், இங்கே அது காலை பத்தரை. வந்த மறுநாளே ஆறு மணிக்கு எழுப்பிப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போனால், அந்தக் காலை வெயில் முழுவதும் தாழ்புள்ளிக்கு முன்னால் விழுந்து, அவன் கடிகாரத்தை மேலும் பின்னுக்குத் தள்ளிவிடும். முதல் நாள் பத்தரைவரை நிழலான அறையில் இருக்கட்டும். வெளியே போக நேர்ந்தால் கறுப்புக் கண்ணாடி அணியட்டும். பத்தரைக்கு மேல் இரண்டு மூன்று மணி நேரம் வெளிச்சத்தில் நடமாடட்டும். அடுத்த நாள் ஒன்பதரை, அதற்கடுத்த நாள் எட்டரை என்று நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னே கொண்டுவந்தால், ஒரு வாரத்துக்குள் ஊர் நேரத்துக்கு வந்துவிடுவான். சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு வேறுபாடு இரண்டரை மணி நேரமே. அவர்கள் சீக்கிரம் உறங்கிச் சீக்கிரம் விழிப்பதால், அப்பத்தாவுக்குச் சொன்ன முறையை இரண்டு மூன்று நாள் கடைப்பிடித்தால் போதும்.

காப்பியைப் பிற்பகல் மூன்று மணியோடு நிறுத்துங்கள். குடித்ததில் பாதி காஃபீன் உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தால், கைகால்களுக்குக் குருதியோட்டம் கூடி உள்வெப்பம் வெளியேறுவதால் உறக்கம் சற்று விரைந்து வரும்.

மாத்திரையைப் பற்றி இறுதியில் சொல்வதற்குக் காரணம், வெளிச்சத்தைச் சரிசெய்யாமல் அதை விழுங்குவது பெரும்பாலும் வீண் என்பதே. கடிகாரத்தை முன்னே இழுக்க அரை மில்லிகிராம் போன்ற சிறு அளவே போதும், ஆனால் வழக்கமாக உறக்கம் வரும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பே உட்கொள்ள வேண்டும். கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், அட்டையில் அச்சிட்ட அளவைவிட 83 சதவீதம் குறைவு முதல் 478 சதவீதம் கூடுதல்வரை மெலடோனின் இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக் கூடாது. ஒளியையே உணராத பார்வையற்றவர்களுக்கு மட்டும் நிலைமை வேறு. அவர்களுடைய கடிகாரம் நாள்தோறும் நழுவிச் செல்வதால், மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நேரத்தில் உட்கொள்ளும் மெலடோனினே அவர்களுக்கு விடியலையும் அந்தியையும் அறிவிக்கும்.