லிப்ரெஎன்எம்எஸ்ஸில் யுபிஎஸ்ஸுக்கு டெஃபனிஷன் ஃபைல் எழுதுவது எப்படி?

நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் லிப்ரெஎன்எம்எஸ் மென்பொருளில், புதிதாகச் சேர்த்த யுபிஎஸ் ஜெனரிக் என்றோ வெறும் லினக்ஸ் என்றோ வந்து நின்றால், பெரும்பாலும் அந்த மாடலை விவரிக்கும் டெஃபனிஷன் இல்லை என்று அர்த்தம். எழுத வேண்டியவை இரண்டு யாமல் (எளிய டெக்ஸ்ட் வடிவம்) ஃபைல்கள். ஒன்று கருவியை அடையாளம் காண, மற்றது எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று சொல்ல.

எடிட்டரைத் திறக்குமுன் கருவி உண்மையில் என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். மிப் ஃபைலை (கருவி தரும் மதிப்புகளை விவரிக்கும் பட்டியல்) மட்டும் நம்பி எழுதினால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய நேரும். லிப்ரெஎன்எம்எஸ் சர்வரிலிருந்து, எஸ்என்எம்பி நெறிமுறையில் கருவியின் மதிப்புகளை வரிசையாகக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பிவாக் கமாண்டை, ஓஐடியை (ஒவ்வொரு மதிப்புக்கும் உரிய முகவரி) எண்ணாகவே காட்டும் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். 1.3.6.1.2.1.1, 1.3.6.1.2.1.33, 1.3.6.1.4.1 ஆகிய மூன்று கிளைகளையும் எடுத்துச் சேமித்து வையுங்கள். பதிலே வரவில்லையா? எஸ்என்எம்பி வெர்ஷன் 2சியில், கடவுச்சொல் போலப் பயன்படும் கம்யூனிட்டி பெயர் தவறானாலும் பிழைச் செய்தி வராது, டைம் அவுட்தான் ஆகும். ஆகவே முதலில் அந்தப் பெயரையும், பிறகு யுடிபி 161 போர்ட்டையும் சரிபாருங்கள்.

அடையாளத்துக்கு, கருவியின் வகையைச் சொல்லும் சிஸ் ஆப்ஜெக்ட் ஐடி போதும். அது 1.3.6.1.2.1.1.2.0-இல் இருக்கிறது. ஏபிசி நிறுவனத்தின் கருவி என்றால், அந்நிறுவனத்தின் எண் 318 என்பதால், மதிப்பு 1.3.6.1.4.1.318 என்று தொடங்கும். லிப்ரெஎன்எம்எஸ் தொடக்கத்தை மட்டுமே ஒப்பிடுவதால், 318-க்குப் பின் புள்ளி வைக்காவிட்டால் 3181 எண் கொண்ட வேறு நிறுவனத்தின் கருவியும் மாட்டிக்கொள்ளும். மதிப்பு 8072 கிளையில் வந்தால், அந்த நெட்வொர்க் கார்டில் ஓடுவது, லினக்ஸ் சர்வர்களிலும் ஓடும் நெட்-எஸ்என்எம்பி மென்பொருள். அப்போது சிஸ் டெஸ்கர் வரியில் (கருவி தன்னைப் பற்றித் தரும் விவரம்) உள்ள மாடல் பெயரையும் நிபந்தனையாகச் சேர்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் லினக்ஸ் சர்வர்களெல்லாம் யுபிஎஸ் ஆகிவிடும்.

அளவுகளுக்கான ஃபைலில்தான் தவறு அதிகம் நடக்கும், காரணம் அலகு. யுபிஎஸ்களுக்கான பொது மிப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 1628-இன்படி பேட்டரி வோல்டேஜ் 1.3.6.1.2.1.33.1.2.5.0-இல், வோல்ட்டின் பத்தில் ஒரு பங்காக வரும். 547 என்று வந்தால் 54.7 வோல்ட், எனவே டிவைசர் (வகுக்கும் எண்) 10. ஆனால் இன்புட் வோல்டேஜ் முழு வோல்ட்டிலேயே வருகிறது. அங்கேயும் 10 போட்டால் 230 வோல்ட் 23 ஆகிவிடும். ஃப்ரீக்வென்சிக்கு மறுபடி 10. மீதி ஓடும் நேரம் ஆர்எஃப்சியில் நிமிடம், ஏபிசியின் சொந்த மிப்பிலோ நொடியின் நூறில் ஒரு பங்கு. லிப்ரெஎன்எம்எஸ்ஸுக்கு நிமிடம் வேண்டும் என்பதால் ஏபிசிக்கு டிவைசர் 6000. சில ஃபர்ம்வேர்கள் ஆர்எஃப்சியை மதிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு எண்ணையும் கருவியின் முகப்புத் திரையோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அவுட்புட் எங்கிருந்து வருகிறது என்பது 1.3.6.1.2.1.33.1.4.1.0-இல் நிலை எண்ணாக வரும்: 3 நார்மல், 4 பைபாஸ் (யுபிஎஸ்ஸைத் தாண்டி நேரடி மின்சாரம்), 5 பேட்டரி, 6 பூஸ்டர் (குறைந்த வோல்டேஜை உயர்த்துவது), 7 ரெட்யூசர் (கூடிய வோல்டேஜைக் குறைப்பது). இதை லிப்ரெஎன்எம்எஸ்ஸின் பொது எண்களுக்கு மாற்ற வேண்டும்: 0 சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. பேட்டரியும் பைபாஸும் 1 ஆகட்டும். பூஸ்டருக்கு 0 கொடுப்பதே நல்லது. மாலையானால் வோல்டேஜ் இறங்கும் பகுதியில் அதற்கும் எச்சரிக்கை வைத்தால், நாலு நாளில் யாரும் அலர்ட்டைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

யாமலில் டேப் கூடாது, ஸ்பேஸ் மட்டும். தனி மதிப்புகளின் ஓஐடி கடைசியில் .0 உண்டு. மூன்று ஃபேஸ் கருவியில் இன்புட் அட்டவணைக்கு இன்டெக்ஸ் 1, 2, 3 என்று வரும், அந்த இடத்தில் எண்ணை எழுதாமல் இன்டெக்ஸ் மாறியையே போடுங்கள்.

கருவியில் என்னென்ன அளக்கலாம் என்று தேடும் டிஸ்கவரி வழக்கமாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஓடும். மாற்றம் செய்ததும் அதை டீபக் ஆப்ஷனோடு கையால் ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை எல்லைகளை ஃபைலிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் முதலில் கிடைத்த மதிப்பை வைத்து லிப்ரெஎன்எம்எஸ் தானே கணக்கிடும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிருந்தால், இறங்கிக்கொண்டிருக்கும் பேட்டரி வோல்டேஜே அதற்கு இயல்பான அளவாகிவிடும்.