பல்கலைக்கழக மலையேற்றச் சங்கத்தில் மாணவர் வேலை: டென்ட் அறையில் தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ பல்கலைக்கழகத்தில் சேரும் நம் பிள்ளைகள் பலருக்கு மலையேற்றம், கயாக், முகாம் என்றால் ஆசை உண்டு. வேலை கேட்கும்போது எடுத்த எடுப்பிலேயே வழிகாட்டி வேலையைக் கேட்கிறார்கள். அது கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பொருள் வைக்கும் அறைதான் முதல் படி. டென்டைச் சரியாகக் காயவைத்து எடுத்துவைப்பவரை நம்பித்தான் பிறகு ஆட்களை ஒப்படைப்பார்கள்.

1. தொண்டா, சம்பள வேலையா என்று முதலில் கேளுங்கள்

தொண்டர்களுக்குத் தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. சம்பள வேலை என்றால் பொருந்தும்: 2025 மார்ச்சில் அந்த ஊதியம் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. ஆண்டுதோறும் மாறும் தொகை என்பதால் சேரும்போது அன்றைய கணக்கைப் பாருங்கள். "பிறகு பார்த்துக்கலாம்" என்று வாய்வார்த்தையில் விட்டால் மாதக் கடைசியில் மனத்தாங்கல்தான் மிஞ்சும். மணிக்கணக்கு, கூலி, பயணச் செலவு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து படிப்பு விசாவில் வந்தவர்கள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது.

2. காகிதங்களை முன்கூட்டியே சேருங்கள்

அடையாள அட்டை, சார்ஸ் எனப்படும் வருவாய்த் துறையின் வரி எண், உங்கள் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. அப்பாவின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் சம்பளம் அங்கேயே நின்றுவிடும். லெவல் 1 முதலுதவிச் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள், மூன்று ஆண்டு செல்லும். ஓட்டுநர் உரிமம் இருந்தால் நல்லது. ஆனால் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றும் வண்டிக்குப் பயணிகளுக்கான பிஆர்டிபி என்ற தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்டியாகப் போவதற்கும் 2014 சுற்றுலாச் சட்டப்படி பதிவு தேவை. யாராவது "சும்மா கூட்டிட்டுப் போ, காசு தர்றேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

3. சிவியில் கோயில் தொண்டையும் எழுதுங்கள்

இதை நம் பிள்ளைகள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். காவடி நாளில் அன்னதானப் பந்தியில் பரிமாறியது, கூட்டத்தை வரிசைப்படுத்தியது, மயங்கி விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து நிழலுக்குக் கொண்டுபோனது எல்லாமே முகாம் வேலைதான். "கோயிலில் உதவினேன்" என்று மொட்டையாக எழுதாமல், எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்கு, என்ன பொறுப்பு என்று எழுதுங்கள். அனுபவமே இல்லையென்றால் சனிக்கிழமை காலை டர்பன் நார்த் பீச்சில் நடக்கும் பார்க்ரன் என்ற வாராந்திர இலவச ஓட்டத்தில் தொண்டராகப் பெயர் கொடுங்கள். நேரம் குறிப்பது, பார்கோடு ஸ்கேன் செய்வது, எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவது எனப் பல பொறுப்புகள் உண்டு. அந்தக் கடைசி வேலை மலையிலும் அப்படியே உதவும்.

பிப்ரவரியில் வகுப்பு தொடங்கும்போதே சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள்.

4. டென்ட் அறை

திரும்பி வந்த டென்டைப் பை அவிழ்க்காமல் அலமாரியில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. டர்பன் ஈரக்காற்றில் துணி வேகமாகப் பூஞ்சை பிடிக்கும். உள்பூச்சு நைந்து பிசுபிசுத்துவிட்டால் அந்த டென்ட் மழைக்கு ஆகாது.

வந்த அன்றே அவிழ்த்து மண்ணை உதறுங்கள். உள்கூடாரத்தையும் மேல்விரிப்பையும் தனித்தனியாக, வெயில் நேராகப் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். துணி காய்ந்ததாகத் தெரிந்தாலும் தரைத்துணியின் தையலையும் கயிற்று முடிச்சுகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள், கடைசியில் காய்வது அவைதான். ஜிப்பில் மணல் இருந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பிகளை நடுவிலிருந்து மடியுங்கள். ஒரு முனையிலிருந்தே மடித்துக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் எலாஸ்டிக் ஒரு பக்கமாக இழுபட்டுத் தளரும். ஆணிகளை எண்ணிச் சீட்டில் எழுதிவிட்டுத்தான் பையை மூட வேண்டும். எண்ணாத பை அடுத்த குழுவுக்குப் போனால், காற்றடிக்கும் இரவில்தான் குறை தெரியவரும்.

தூக்கப்பையைச் சின்ன உறைக்குள் திணித்து வைக்காதீர்கள், பெரிய பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள். கேஸ் டப்பாவைக் குலுக்கிப் பார்த்து மதிப்பிடுவது போதாது. சமையலறைத் தராசில் நிறுத்து, அதே வகைக் காலி டப்பாவின் எடையைக் கழியுங்கள். மீதி எத்தனை கிராம் என்பதை டப்பாவிலேயே மார்க்கரால் எழுதுங்கள். அடுப்பின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அந்த அடுப்பை வெளியே அனுப்பக் கூடாது. கடலில் போய்வந்த லைஃப் ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு பக்கிளையும் மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.

5. பயணத்தில் உதவியாளராக

டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்கு முதல் தடவை போகும்போது உங்கள் இடம் வரிசையின் கடைசி. உங்களுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணி முன்னால் இருப்பவருக்குச் சொல்லுங்கள். மலைப் பதிவேட்டில் பெயர்கள், பாதை, திரும்பும் நேரம் எழுதப்பட்டதா என்று பாருங்கள். தேட வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் துப்பு. இறங்கியதும் திரும்பி வந்ததைப் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீணாகத் தேடுவார்கள்.

டுகேலா அருவிக்கு மேல் போகும் சென்டினல் பாதையில் சங்கிலி ஏணிகள் உண்டு. உயரத்துக்குப் பயப்படுபவர்கள் பாதியில் உறைந்து நிற்பது அங்கேதான். ஓர் ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். அவசரப்படுத்தாதீர்கள், அடுத்த படியில் எந்தக் கால் என்று மட்டும் சொல்லுங்கள். கோடையில் பிற்பகல் இடியும் மின்னலும் வழக்கம், எனவே விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் மேட்டை விட்டு இறங்கும்படி திட்டமிடுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தில் கைபேசியில் 112 அழைக்கலாம்.

6. மணிக்கணக்கும் சான்றுக் கடிதமும்

தேதி, வேலை, மணி நேரம் என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதிப் பொறுப்பாளரின் கையெழுத்து வாங்குங்கள். மே, ஜூன், அக்டோபர், நவம்பர் பரீட்சைக் காலம், வர முடியாத நாட்களை இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லுங்கள். கடைசி நிமிடத்தில் வராமல் போனால் அந்தப் பயணமே ரத்தாகும். ஆண்டு முடிவில் சான்றுக் கடிதம் கேட்கும்போது அந்த நோட்டின் நகலையும் கொடுங்கள். பொறுப்பாளர் மாறிப்போனாலும் புதியவர் அதைப் பார்த்தே எழுதித் தர முடியும்.