ஆழ்கடல் மீனின் புழுவுக்குப் பெயர் சூட்டும் முன்

புதிய சிற்றினம் என்று அறிவிக்கப்பட்ட ஒட்டுண்ணிப் புழு, முன்பே பெயர் பெற்ற ஒன்றுதான் என்று பின்னாளில் தெரியவருவது உண்டு. பிழையின் வேரைத் தேடிப் போனால், பல நேரம் கப்பல் தளத்தில் போய் நிற்போம்.

ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து எலிவால் மீனை இழுவலை மேலே கொண்டுவரும்போது, அழுத்தம் குறையக் குறையக் காற்றுப்பை உப்பி, இரைப்பையே வாய்வழியாகப் பிதுங்கிவிடும். செவுளில் பற்றியிருந்த புழு உதிர்ந்து பக்கத்து மீனில் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒரே மீனில் ஒரே புழுவைக் கண்டதும் ஓம்புயிரி (புழு தங்கி வாழும் உயிர்) இதுதான் என்று எழுதிவிடாதீர்கள்.

பெருங்கேடு அடுத்த சில நிமிடங்களில் நடக்கிறது. உயிருள்ள தட்டைப் புழுவைக் குளிர்ந்த ஃபார்மலினில் போட்டால் சுருங்கிக்கொள்ளும். கண்ணாடித் தகட்டால் அழுத்தினால் அகன்றுவிடும். உறையவைத்த மீனிலிருந்து எடுத்தால் துவண்டு, மேல்தோலின் முட்களையும் இழந்திருக்கும். லெபிடாபீடன் போன்ற தட்டைப் புழுப் பேரினங்களில் உடல் நீளத்தையும் உறிஞ்சிகளின் அகல விகிதத்தையும் ஒப்பிட்டே இனம் பிரிக்கிறோம். அந்த அளவுகளையே நாம் கெடுத்துவிடுகிறோம். உயிரோடு எடுத்த புழுவின் மேல் கொதிநிலையை நெருங்கிய உப்புக்கரைசலை ஊற்றுங்கள், அழுத்தவே வேண்டாம், பிறகு 70 சதவீத எத்தனாலில் வையுங்கள். ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்பதால் அதைத் தவிர்த்து, மரபணுச் சோதனைக்குச் சில புழுக்களைச் செறிந்த எத்தனாலில் தனியே வைப்பது நல்லது. முள்தலைப் புழுவைக் குளிர்ந்த நன்னீரில் இட்டு, கொக்கிகள் நிறைந்த துதிக்கை முழுதும் வெளியே நீளும்வரை பொறுத்திருங்கள். உள்ளே மடங்கிய கொக்கிகளை எண்ண முடியாது.

இளம்புழுவை வைத்துப் பெயர் சூட்டும் ஆசை இன்னொரு பொறி. மீனின் வயிற்றறையில் சுருண்டிருக்கும் அனிசாகிஸ் என்னும் உருளைப் புழுவின் இளம்புழு, திமிங்கிலத்தின் இரைப்பையில்தான் முதிர்கிறது. 1809-இல் பெயர் பெற்ற அனிசாகிஸ் சிம்ப்ளெக்ஸுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் மறைந்திருந்ததை மரபியல் ஆய்வே காட்டியது. அனிசாகிஸ் பெக்ரெஃபி அவற்றுள் ஒன்று.

அதற்காக மரபணுவை மட்டும் நம்புவதும் தவறு. தரவுத்தளத்தில் பொருந்தும் டி.என்.ஏ. வரிசை கிடைக்காததாலேயே புழு புதியது ஆகிவிடாது. பழைய இனங்கள் பலவற்றுக்கு வரைபடமும் விவரிப்பும்தான் உள்ளன, வரிசை இல்லை. அருங்காட்சியகத்திலிருக்கும் மூல மாதிரியை, அதாவது பெயர் சூட்டியபோது அடிப்படையாகக் கொண்ட புழுவை, கண்ணால் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

உங்கள் மூல மாதிரியும் அப்படியே பிறர் கைக்கு எட்ட வேண்டும். 1999-க்குப் பிறகு வெளியிடப்படும் பெயர்களுக்கு மூல மாதிரியைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. புழுவைப் பொத்திவைத்து மீனைக் கடலில் எறிந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மீனின் படம், ஒரு துண்டுத் தசை, பிடித்த ஆழம் ஆகிய மூன்றையும் புழுவின் பதிவெண்ணோடு சேர்த்தே வையுங்கள்.